மேட்டுக்கு ஒரு பல்சக்கரம்

வெள்ளிமலையில் நான் வாடகைக்கு இருந்த அறையிலிருந்து அவள் வீட்டுக்குப் போக ஒரே ஒரு சாலைதான். முதல் பாதி ஏறக்குறைய சமதரை. இரண்டு பக்கமும் மரவள்ளி, நடுநடுவே சாமைக் காடு, தூரத்தில் நாலு வீடு. சைக்கிளில் உட்கார்ந்து எதையாவது யோசித்துக்கொண்டே போய்விடலாம். அதற்கப்புறம் மேடு. அந்த மேட்டை நான் வாய்விட்டுத் திட்டாத காலை கிடையாது. ஆள் நடமாட்டம் அதிகம் இல்லாத சாலை என்பதால் எந்த வார்த்தையை வேண்டுமானாலும் சொல்லலாம். அது ஒன்றுதான் ஆறுதல்.

என் வேலை மாத்திரை கொடுப்பது. அடையாள அட்டையில் ஒப்பந்தப் பணியாளர் என்று போட்டிருக்கும். மலையில் எல்லாருக்கும் நான் நர்சம்மா. நர்சு இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, விட்டுவிட்டேன். மேட்டுக்கு மேலே குடியிருந்த அந்தப் பெண்ணுக்குக் காசநோய். வயது முப்பதை ஒட்டித்தான் இருக்கும், பார்த்தால் ஐம்பது சொல்லலாம். முதல் தடவை மாத்திரை சாப்பிட ஆரம்பித்து, இருமல் கொஞ்சம் அடங்கியதும், சரியாகிவிட்டது என்று அவளே நிறுத்திவிட்டாள். மலையில் மட்டுமில்லை, கீழேயும் நிறையப் பேர் செய்கிற காரியம்தான். நோய் திரும்ப வந்தது, முன்பைவிட மோசமாக.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு தடவ நடுவுல நிறுத்துனா அப்புறம் எந்த மாத்திரையும் கேக்காது. அந்தப் பொண்ணு பொழைக்கிறது கஷ்டம். தினமும் உங்க கண்ணு முன்னால முழுங்கணும், பாத்துக்குங்க" என்றார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மேடு ஏறப்போவது அவர் இல்லையே.

பக்கத்து வீட்டில் யாரிடமாவது மாத்திரையைக் கொடுத்துவைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவள் என் காலில் விழாத குறை.

"ஊருக்குத் தெரிஞ்சா எங்க வூட்ல ஒருத்தரும் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டாங்க நர்சம்மா. ரத்தம் கம்மி, அதுக்கு மாத்திரன்னு சொல்லி வச்சிருக்கன். அப்படியே இருக்கட்டும்."

அவள் புருஷனுக்கு விஷயம் தெரியும். ஆனால் அவர் விடியும்போதே ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். தவிர, அவருக்கு மாத்திரையில் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. சாமி விட்ட வழி என்பார். ஆகவே நான்தான் போக வேண்டும், தினமும். ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை மட்டும் சனிக்கிழமையே கையில் கொடுத்துவிட்டு, மூங்கில்துறைப்பட்டில் இருக்கும் என் வீட்டுக்குப் பஸ் ஏறுவேன். அந்த ஒரு நாள் அவளை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கஷ்டம் என்னவென்றால் அவளும் காலையில் சீக்கிரமே கூலிக்குக் கிளம்பிவிடுவாள். இருமிக்கொண்டே களை எடுப்பாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேட்டின் உச்சிக்குப் போய்ச் சேரும்போது பாதி நாள் வீடு பூட்டியிருக்கும். அப்புறம் யார் காட்டில் வேலை என்று விசாரித்து, வரப்பில் ஓடி, மற்ற பெண்கள் கண்ணில் படாமல் அவளை ஓரமாக அழைத்துக்கொண்டு போய் விழுங்கவைக்க வேண்டும். சில நாள் எந்தக் காடு என்று கண்டுபிடிக்கவே முடியாது. அன்றைக்கு அவளுக்கு மாத்திரை இல்லை. எனக்குத் தூக்கம் இல்லை.

சைக்கிள் என் மகளுடையது. பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்தது. அவள் கல்லூரிக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகு சுவரில் சாய்ந்து கிடந்ததை மலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். ஏன் ஸ்கூட்டி வாங்கக் கூடாது என்று கேட்காதவர்கள் இல்லை. கரும்பு அரவை நடக்கிற பருவத்தில் ஸ்கூட்டி கற்றுக்கொள்ளப் போய், கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்னால் கொண்டுபோய் விட்டுக் கையை முறித்துக்கொண்டேன். அதிலிருந்து ஸ்கூட்டி பக்கமே போவதில்லை. இதை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கியர் சைக்கிள் வாங்கேன் என்றார் என் வீட்டுக்காரர். கள்ளக்குறிச்சியில் ஒரு கடையில் போய்ப் பார்த்தேன். எல்லாம் பையன்கள் ஓட்டுவது, நடுவில் குறுக்குக் கம்பி. சேலையைக் கட்டிக்கொண்டு அதில் எப்படி ஏறுவது? ஏறினாலும், பின் சக்கரத்துப் பக்கத்தில் தொங்குகிற, கியர் மாற்றும் அந்தச் சின்னக் கருவி மலையில் கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்? ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பின் சக்கரத்தில் பெரியதும் சின்னதுமாகப் பல்சக்கரங்களை அடுக்கிவைத்திருந்தார்கள். அதை மாற்றி மாற்றித்தான் மேடு ஏறுகிறார்கள் போலிருக்கிறது. அப்படியானால் என் சைக்கிளில் இருக்கிற ஒற்றைப் பல்சக்கரத்தையும் மாற்றலாமே என்று நினைத்தேன். எதிலிருந்து எதற்கு மாற்றுவது என்று கடைக்காரனைக் கேட்டிருக்கலாம். வாங்காத கடையில் என்னத்தைக் கேட்பது என்று வந்துவிட்டேன்.

அடுத்து வந்த சனிக்கிழமை பின் சக்கரத்தை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கினேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, சக்கரம் இங்க இருக்குது. வண்டி எங்க?"

"வண்டி மலைல இருக்குதுங்க."

"அப்ப மீதி வண்டிக்கும் சேத்து லக்கேஜ் போட்டுரட்டுமா?"

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சக்கரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மேல் சாய்ந்தது. கச்சிராயபாளையம் வருவதற்குள் அவள் சேலை முழுக்க கிரீஸ். இறங்கும்வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள், அதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்குப் பழக்கமான ஒரு சைக்கிள் கடை உண்டு. கடைக்காரர் என்னைவிடச் சில வயது மூத்தவர். எதையும் யோசிக்காமல் பதில் சொல்லுவார்.

"மேட்டுல மிதிக்க முடியல அண்ணே. லேசா மிதிக்கிற மாதிரி பல்சக்கரம் மாத்திக் குடுங்க."

"லேசா வேணும்னா சின்னது போட்டுடலாம். பெருசு போட்டா அந்த கனத்தையும் சேத்து இல்ல நீ மிதிக்கணும்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சின்னது லேசு, பெரியது கனம். இதில் குறுக்குக் கேள்வி கேட்க என்ன இருக்கிறது? அவரிடம் பல்சக்கரம் மாற்ற வருகிறவர்கள் எல்லாம் பறக்க வேண்டும் என்கிற பையன்கள். சின்னது போட்டுக் கொடுத்து நல்ல பேர் வாங்கியவர். கள்ளக்குறிச்சியில் மேடு என்றால் ரோட்டில் போட்டிருக்கிற வேகத்தடைதான்.

திங்கட்கிழமை காலையில் சமதரையில் வண்டி பறந்தது. ஆகா, விடிந்தது நமக்கு என்று நினைத்தேன். மேடு ஆரம்பித்தது. பெடல் மேல் ஏறி நின்றேன். என் முழு எடையையும் போட்டு நின்றேன். பெடல் அசையவில்லை. வண்டி மெதுவாகப் பின்னால் உருண்டு, நான் ஓரத்துப் புதரில் சாய்ந்தேன். முன்பெல்லாம் கொஞ்ச தூரமாவது மிதித்துவிட்டு இறங்குவேன். இப்போது மேட்டின் முதல் அடியிலேயே இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கு வீடு பூட்டியிருந்தது. மூன்று காட்டில் தேடிவிட்டு, மாத்திரை பையிலேயே இருக்க, திரும்பி வந்தேன். வழியெல்லாம் அந்தக் கடைக்காரரைத் திட்டினேன். மேட்டுக்கு அன்று ஓய்வு.

அந்த வாரம் முழுக்க இருட்டோடு எழுந்து, சைக்கிளை விட்டுவிட்டு நடந்தே போனேன். இடது முட்டி வீங்கிப்போய், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால்தான் மடக்க முடியும் என்று ஆகிவிட்டது. கீழே மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்ததும் அந்த வாரம்தான். அவளுடைய மாத்திரை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அதுவரைக்கும் என் முட்டி தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் சக்கரத்தோடு கடை வாசலில் போய் நின்றேன்.

"இன்னாம்மா, லேசா இல்லயா?"

"லேசாவா? வாங்க அண்ணே, என்கூட மலைக்கு வந்து ஒருக்கா மிதிச்சுப் பாருங்க. வைத்தியமும் நானே பாத்துக்கறன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் இப்படிப் பேசியதில்லை என்றார். நானும் விடவில்லை. சத்தம் கேட்டு டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைக்குள் தண்ணீர் கேன் ஏற்றுகிற மூன்று சக்கர சைக்கிள் ஒன்று ரிப்பேருக்கு நின்றது. அதன் பின்னால் இருந்த பல்சக்கரம் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருந்தது. நான் அதைக் காட்டி, "அப்ப இதுக்கு மட்டும் ஏன் இம்மாம் பெருசு?" என்று கேட்டேன்.

"அது பாரம் ஏத்துற வண்டிம்மா. அதுக்குப் பெருசுதான் போடணும். இல்லன்னா எப்படி இழுக்கும்?" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். அந்தச் சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்பவும் பெருசுதான் போடறன். ஏன்னு யோசிச்சதே இல்ல" என்றார்.

அதற்கப்புறம் பாரவண்டிப் பல்சக்கரம் ஒன்றைத் தேடி எடுத்து என் சக்கரத்தில் முறுக்கினார். இதற்குச் செயின் நீளம் பத்தாது என்று ஒரு துண்டுச் செயினைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார், வெள்ளிமலை பஞ்சர் கடையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். கிளம்பும்போது, "நீயும் பாரந்தான் ஏத்துற, முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல" என்றார். பிழை எப்படியோ என் தலையில் வந்து விழுந்துவிட்டது. சண்டை போடத் தெம்பில்லாமல் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை அந்த மேட்டை உட்கார்ந்தபடியே ஏறினேன். வேகம் என்று ஒன்றும் கிடையாது. பக்கத்தில் நடந்து வருகிறவர் என்னை முந்திப் போய்விடலாம். கால் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்க, வண்டி ஊர்ந்தது. ஆனால் நிற்கவில்லை. முட்டியில் அந்தக் குத்தல் இல்லை. வழியில் எங்கேயும் இறங்கவில்லை. உச்சிக்குப் போனபோது அவள் வாசலில் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"காலு ஓடுது, வண்டி நடக்குதே நர்சம்மா" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. பிறகு நாலு மாத்திரையையும் என் முன்னால் விழுங்கினாள். இனிமேல் அவளைக் காடுகாடாகத் தேட வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தது. அவள் வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் போனால் கதவு சாத்தியிருந்தது. வழக்கமாக ஆட்டோடு போய்விடுகிற புருஷன் வாசலில் நின்றிருந்தார்.

"நேத்து சாமி முன்னால உக்காந்துகினே போனியாமே?"

"எந்தச் சாமி?" என்றேன். சத்தியமாக எனக்குத் தெரியாது.

"மேட்டு வளைவுல கல்லு இருக்குது இல்ல? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அத்த யாரும் வண்டில உக்காந்துகினு தாண்டுனது இல்ல. நீ இத்தினி நாளா எறங்கி, செருப்பக் கழட்டி, தள்ளிகினுதான் வந்த. கீழ்நாட்டுப் பொம்பளயா இருந்தாலும் மரியாத தெரிஞ்சவன்னு ஊரே பேசுது. அதுக்காவத்தான் உன் மாத்திரைய வூட்டுக்குள்ள வுட்டன்."

அந்தக் கல் எனக்கு நன்றாகத் தெரியும். மரத்தடியில் சும்மா கிடக்கும். பொட்டு இல்லை, துணி இல்லை, வேல் இல்லை. எங்கள் பக்கம் சாமி என்றால் இதில் ஒன்றாவது இருக்கும். அந்த இடத்தில் பையன்கள் பைக்கை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் போடாமல் மலைக்கு ஏன் வருகிறார்களோ என்று நினைத்துக்கொள்வேன். நான் இறங்கியது மூச்சு வாங்கியதால். திரும்பும்போதும் தள்ளிக்கொண்டே போனது, அந்த வளைவில் பிரேக்கை நம்ப முடியாததால். செருப்பைக் கழற்றியது, தள்ளும்போது வியர்வையில் வழுக்கியதால். என் களைப்பை இவர்கள் இத்தனை மாதம் பக்தி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நேத்து முழுங்குனது அவ வயித்துல நிக்கல, எல்லாம் வாந்தி. சாமிக்கு ஆவல. இனிமே மாத்திர வேணாம்" என்றார் அவர்.

இந்த மாத்திரைக்குச் சில நாள் வாந்தி வரத்தான் செய்யும் என்றேன். அவர் கேட்கவில்லை. உள்ளேயிருந்து அவள் இருமுவது மட்டும் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இரண்டு சனிக்கிழமை, ஒரு முட்டி, ஊர்ச் சிரிப்பு எல்லாம் போட்டு ஏறி வந்தால், ஏறி வந்ததே குற்றமா? ஆனால் நான் அங்கே கோபப்பட்டுத் திரும்பினால் சாகப்போவது நானும் இல்லை, அவரும் இல்லை.

"தெரியாமப் பண்ணிட்டங்க. இப்ப நான் இன்னா பண்ணணும்?"

"பெருசா ஒண்ணும் வேணாம். திரும்ப எறங்கிப் போ. கல்லுக்குக் கீழேர்ந்து தள்ளிகினு வா."

போனேன். கல்லுக்குக் கீழே வரை இறங்கி, செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டி, தள்ளிக்கொண்டு வந்தேன். வளைவில் அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கல்லுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றேன். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. அவ முழுங்கட்டும் என்று மட்டும் சொன்னேன். கல்லைத் தாண்டியதும் மறுபடி வண்டியில் ஏறினேன். பழைய பல்சக்கரத்தில் மேட்டு நடுவில் இறங்கினால் இறங்கியதுதான், திரும்ப ஏறி மிதிக்க முடியாது. இப்போது முடிந்தது. தள்ளாடினாலும் முடிந்தது.

அவர் நடந்து வந்து கதவைத் திறந்துவிட்டு ஆட்டுப்பட்டிப் பக்கம் போனார். அவள் மாத்திரையை விழுங்கிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு மேல கோச்சிக்காத நர்சம்மா. நான் இல்லாம பூடுவனோன்னு பயம். அது வாயில சாமி சாமின்னு வருது."

அன்றிலிருந்து தினமும் கல்லுக்கு முன்னால் இறங்கினேன், தாண்டியதும் ஏறினேன். மழை பெய்தது, பனி விழுந்தது. சில நாள் வாந்தி எடுத்தாள், சில நாள் போதும் என்று அழுதாள். நானும் சில நாள் போதும் என்றுதான் கிளம்பினேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் கன்னத்தில் சதை பிடித்தது, ரவிக்கை தோளில் நின்றது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. கீழே எனக்கு இடமும் பார்த்துவிட்டார்கள், வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். என் வீட்டுக்காரர் போனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

கடைசி மாத்திரை நாளில் அவள் மரவள்ளிக் கிழங்கு அவித்து, மிளகாய் அரைத்து வைத்திருந்தாள். மாத்திரையை விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள், நான் கேட்காமலே. புருஷன் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகாமல் ஓரமாக நின்றிருந்தார். நன்றி சொல்லத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

"இவரக் கொஞ்சம் பாரு நர்சம்மா" என்றாள் அவள். "ராத்திரில இருமுறாரு. நான் கேக்கக் கூடாதுன்னு ஆட்டுப்பட்டில போயி இருமிட்டு வர்றாரு."

நிமிர்ந்து பார்த்தேன். சட்டை அவர் மேல் தொளதொளவென்று தொங்கியது. தினமும் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதை நான் பார்க்கவில்லை. அவளுக்கு நோய் என்று தெரிந்ததுமே இவரையும் பரிசோதனைக்கு அழைத்தோம். எனக்கு இன்னா கேடு என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"எவ்ளோ நாளா இருக்குதுங்க?"

"கொஞ்ச நாளாத்தான்" என்றார்.

"மழைக்கு முன்னாலேர்ந்து" என்றாள் அவள்.

கிழங்குத் தட்டைக் கீழே வைத்தேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்காக அழுதேன் என்று சொன்னால் பொய். எனக்காகத்தான். பிறகு பையிலிருந்து சளி டப்பாவை எடுத்து அவரிடம் நீட்டினேன். காலையில் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால், அடி நெஞ்சிலிருந்து இருமி அதில் துப்ப வேண்டும் என்று சொன்னேன். இந்தத் தடவை மறுபேச்சு இல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"மாத்திர குடுத்தா, கொண்டாரது நீதான?" என்று கேட்டார். "நீ கீழ போறன்னு இவ சொன்னா. புது ஆளுகிட்ட என்னால வாயத் தொறந்து காட்ட முடியாது."

நான் அவளைப் பார்த்தேன். அவள் புருஷனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க வருவன்" என்றேன். "ஆனா நான் வர்ற வரைக்கும் ஆட்ட ஓட்டிகினு போயிடாதீங்க. என்னால இதுக்கு மேல சீக்கிரமா ஏற முடியாது."